விமானத்தில் வை-பி: எது இன்டர்நெட், எது இல்லை?

எங்கள் தருமபுரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. விமானம் ஏற வேண்டும் என்றால் வடக்கே பெங்களூரு போக வேண்டும். தெற்கே என்றால் ஓமலூர் அருகே காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையம். இருந்தாலும் வளைகுடா நாடுகளில் பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கு ஏராளம். என்னிடம் கம்ப்யூட்டர் கற்றுக் கொள்ள வரும் ஒருவர், முதல் முறையாக வெளிநாடு போகப் போகிறவர், இப்படிக் கேட்டார்: "சார், விமானத்தில் வை-பி உண்டு என்று போட்டிருக்கிறது. மேலே போன பிறகு அம்மாவிடம் வாட்ஸ்அப்பில் பேசலாமா?"

இதற்கு "பேசலாம்" என்றோ "முடியாது" என்றோ ஒரு சொல்லில் பதில் தர முடியாது. விமானத்தில் வை-பி என்ற பெயரில் இருப்பது ஒரே வசதி அல்ல. எது என்று தெரியாமல் பணம் கட்டினால் ஏமாற்றம்தான்.

முதல் வகையில் இன்டர்நெட்டே கிடையாது. விமானத்துக்குள் ஒரு சிறிய சர்வர் இருக்கும். அதில் திரைப்படங்கள், பாடல்கள், விளையாட்டுகள் பதிந்து வைக்கப்பட்டிருக்கும். உங்கள் போன் வை-பி மூலம் அந்தச் சர்வருடன் இணைந்து படம் காட்டும், அவ்வளவுதான். வீட்டில் மோடத்துக்கு வரும் கேபிளைப் பிடுங்கிவிட்டாலும் போனில் வை-பி அடையாளம் முழுதாகத் தெரியும் அல்லவா? அதே கதை. வை-பி என்பது போனுக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள தொடர்பு. அந்தப் பெட்டிக்கு வெளி உலகத்துடன் தொடர்பு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. வை-பி என்றாலே இன்டர்நெட் என்று பலர் நினைப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டாவது வகைதான் உண்மையான இன்டர்நெட். மூன்றாவது வகை மொபைல் ரோமிங். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். பர்ஸைக் காலி செய்வது அதுதான்.

தரையில் உள்ள டவர் ஏன் போதாது?

நாடு முழுவதும் டவர்கள் நிற்கின்றனவே, விமானம் அவற்றுக்கு மேலேதானே பறக்கிறது, அந்தச் சிக்னலைப் பிடிக்க முடியாதா? முடியாததற்குக் காரணங்கள் உண்டு. டவரின் ஆன்டெனாக்கள் சற்றுக் கீழ் நோக்கிச் சாய்த்துப் பொருத்தப்படுகின்றன, ஏனென்றால் வாடிக்கையாளர்கள் தரையில் இருக்கிறார்கள். விமானம் 35,000 அடியில், அதாவது பத்து கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. மணிக்கு 850 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு 14 கிலோமீட்டர். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆகும். விமானம் மூன்றரை நிமிடத்தில் கடந்துவிடும். போதாததற்கு, அந்த உயரத்திலிருந்து போனுக்கு ஒரே சமயத்தில் பல டவர்கள் தெரியும். எதைப் பிடிப்பது, எப்போது மாறுவது என்று தடுமாறும், தரையில் இருப்பவர்களின் சேவைக்கும் தொல்லை தரும்.

விமானத்துக்காகவே மேல் நோக்கிய டவர்களை அமைக்கலாம். அமெரிக்காவில் கோகோ என்ற சேவை 2008 ஆகஸ்டில் அப்படித்தான் தொடங்கியது. தரைக்கு மேலே பறக்கும் வரை சரி. கடலுக்கு மேலே டவர் ஏது? துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகும் நமக்குப் பாதை பெரும்பாலும் கடல்தான். எனவே சாட்டிலைட்.

சாட்டிலைட் மூலம் இன்டர்நெட் தரும் முயற்சி அதற்கும் முந்தையது. போயிங் நிறுவனத்தின் கனெக்‌ஷன் சேவை 2004 மே மாதம் லுப்தான்சா விமானத்தில் வணிக ரீதியாக வந்தது. விமானத்தின் முதுகில் கனமான ஆன்டெனா, அதனால் கூடுதல் எரிபொருள், கட்டணம் செலுத்தப் போதிய ஆட்கள் இல்லை. 2006 ஆகஸ்டில் மூடப் போவதாக போயிங் அறிவித்துவிட்டது. அது ஸ்மார்ட்போன் பரவாத காலம். லேப்டாப் வைத்திருந்தவர்கள் மட்டுமே வாடிக்கையாளர்கள்.

அந்த அரை நொடி

இப்போது ஒரு சின்னக் கணக்கு. புவிநிலை சாட்டிலைட் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்திலிருந்து மேலே போய், அங்கிருந்து தரை நிலையத்துக்கு இறங்க ஏறக்குறைய 71,600 கிலோமீட்டர். ஒளியின் வேகம் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். எனவே 0.24 நொடி. பதில் திரும்பி வர இன்னொரு 0.24 நொடி. மொத்தம் ஏறக்குறைய அரை நொடி. எத்தனை விலை கொடுத்து எந்தக் கருவியை வாங்கினாலும் இதைக் குறைக்க முடியாது.

அரை நொடிதானே என்று தோன்றும். ஒரு இணையதளத்தைத் திறக்க உங்கள் பிரவுசர் பல முறை போய் வர வேண்டும்: முகவரியைத் தேட ஒரு முறை, தொடர்பு ஏற்படுத்த ஒரு முறை, பாதுகாப்புச் சாவியை மாற்றிக் கொள்ள மேலும் ஒன்றிரண்டு முறை. பக்கத்தின் முதல் எழுத்து வருவதற்குள் இரண்டு நொடி போய்விடும். அதற்கு மேல் பங்கீடு வேறு. ஒரு விமானத்துக்கு 20 மெகாபிட் வேகம் கிடைக்கிறது என்று வைத்துக் கொள்வோம். 60 பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு மெகாபிட். வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பும் செய்திக்கு இது தாராளம். வீடியோவுக்குப் போதாது.

இதற்கு மாற்றாக வந்தவைதான் தாழ்வான சுற்றுப்பாதை சாட்டிலைட்கள். ஸ்டார்லிங்க் சாட்டிலைட்கள் ஏறக்குறைய 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. மேலே போய்க் கீழே வர நொடியில் ஆயிரத்தில் நான்கு பங்கு போதும். ஒரு சிக்கல் உண்டு. இவை ஓரிடத்தில் நிற்பதில்லை. தலைக்கு மேல் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் ஆயிரக்கணக்கில் வேண்டும். விமானத்தின் ஆன்டெனாவும் ஒன்றை விட்டு மற்றொன்றைப் பிடித்துக் கொண்டே போக வேண்டும். தட்டையான எலக்ட்ரானிக் ஆன்டெனாக்கள் திரும்பாமலேயே இதைச் செய்கின்றன. கத்தார் ஏர்வேஸ் 2024 அக்டோபரில் தன் போயிங் 777 விமானத்தில் இதைத் தொடங்கியது.

நம் நாட்டில் ஏன் தாமதம்?

முன்பெல்லாம் வெளிநாட்டு விமானத்தில் வை-பி ஓடிக்கொண்டிருக்கும்; இந்திய வான்பரப்பில் நுழைந்ததும் நின்றுவிடும். கருவிப் பழுது அல்ல, நம் சட்டம் இடம் தரவில்லை. டிராய் அமைப்பு 2018 ஜனவரியில் பரிந்துரை செய்தது. அந்த ஆண்டு டிசம்பரில் விதிகள் வந்தன. இந்திய வான்பரப்பில் 3,000 மீட்டருக்கு மேல் சேவை தரலாம், ஆனால் தகவல்கள் இந்தியாவில் உள்ள தரை நிலையம் வழியாகவே போக வேண்டும் என்பது அவற்றின் சாரம். தரையில் உள்ள மொபைல் சேவைக்கு இடையூறு வராமல் இருக்கவே இந்த உயர வரம்பு.

விஸ்தாரா 2020 செப்டம்பரில் வெளிநாட்டு விமானங்களில் தொடங்கியது. உள்நாட்டு விமானங்களில் இன்டர்நெட் 2025 ஜனவரி 1 அன்றுதான் வந்தது. ஏர் இந்தியா தன் ஏர்பஸ் ஏ350, போயிங் 787-9, சில ஏ321 நியோ விமானங்களில் அறிமுகச் சலுகையாக இலவசமாகவே கொடுத்தது. இதற்கு முன்பே 2024 நவம்பரில் இஸ்ரோவின் ஜிசாட்-என்2 விண்ணுக்குப் போய்விட்டது. விமான இன்டர்நெட்டையும் மனதில் வைத்துச் செய்த சாட்டிலைட் இது. மொத்தத் திறன் நொடிக்கு 48 ஜிகாபிட். 4,700 கிலோ எடையை நம் ராக்கெட் அந்தப் பாதைக்குத் தூக்க முடியாது என்பதால் அமெரிக்காவிலிருந்து பால்கன்-9 மூலம் அனுப்பினார்கள். ஒரே பெரிய குடைக்குப் பதில் நாட்டை 32 கற்றைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. பங்கீட்டுச் சிக்கல் குறையும். ஆனால் அதுவும் புவிநிலை சாட்டிலைட்தான். அந்த அரை நொடி அப்படியே இருக்கும்.

சேலத்துக்கு 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கிய சேவைகள் ஏடிஆர் வகைச் சிறிய விமானங்களில். ஒரு மணி நேரப் பயணத்துக்காக அவற்றின் மேல் ஆன்டெனா ஏற்றி எரிபொருளைச் செலவழிக்க எந்த நிறுவனமும் அவசரப்படாது. எனவே காமலாபுரத்தில் ஏறுகிறவர்கள் இன்டர்நெட்டை எதிர்பார்க்க வேண்டாம்.

ஏறுவதற்கு முன்

மூன்றாவது வகைக்கு வருவோம். சில வெளிநாட்டு விமானங்களுக்குள் ஒரு குட்டி மொபைல் டவரே இருக்கும். அது சாட்டிலைட் வழியாக வெளிநாட்டு ரோமிங் போல் செயல்படும். ஜியோ 2020-லும் ஏர்டெல் 2024-லும் இதற்கென்றே தனி பேக்குகளை அறிவித்தன. ஏர்டெல்லில் அப்போது தொடக்க விலை 195 ரூபாயாக இருந்தது. பேக் போடாமல், ரோமிங் திறந்த நிலையில், ஏரோபிளேன் மோடும் போடாமல் தூங்கினால் போன் தானாக இணைந்து மெயிலையும் போட்டோக்களையும் இறக்கிக் கொண்டிருக்கும். என் உறவினர் ஒருவருக்கு இப்படித்தான் ஒரே இரவில் நான்கு இலக்கத்தில் பில் வந்தது. எனவே ஏறியதும் ஏரோபிளேன் மோடைப் போடுங்கள். அதன் பிறகு வை-பியை மட்டும் தனியே ஆன் செய்யுங்கள். இரண்டும் சேர்ந்து இயங்கும்.

அடுத்தது ஓடிபி. இது நம் நாட்டுக்காரர்களுக்கே உரிய தலைவலி. வை-பிக்குக் கார்டில் பணம் கட்டப் போனால் ஓடிபி கேட்கும். அது எஸ்எம்எஸ்-ல் வரும். ஏரோபிளேன் மோடில் எஸ்எம்எஸ் எப்படி வரும்? இன்டர்நெட் வாங்க இன்டர்நெட் வேண்டும்! விஸ்தாரா 2024 ஜூலையில் 20 நிமிட இலவச இணைப்பு கொடுத்தபோது, ஓடிபியை மெயிலில் பெற அது உதவும் என்றும் சொன்னது. நான் சொல்வது: நிறுவனத்தின் இணையதளத்தில் முன்கூட்டியே வாங்க வழி இருந்தால் வீட்டிலேயே வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் ஓடிபி மெயிலுக்கும் வருகிறதா என்று வங்கியில் கேட்டு வையுங்கள்.

எந்த பேக் வாங்குவது? அதே விஸ்தாரா அப்போது வைத்திருந்த விலைகளைப் பாருங்கள். வாட்ஸ்அப் செய்திகளுக்கு மட்டும் 372.74 ரூபாய், பிரவுசிங்குக்கு 1,577.54, வீடியோ பார்க்க 2,707.04, எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி தனி. முதல் பேக்குக்கு மேல் போக எனக்கு மனம் வராது. படத்தை வீட்டிலேயே டவுன்லோட் செய்து கொண்டு போனால் செலவு இல்லை.

நம் மாணவருக்கு நான் சொன்னது இதுதான். பேச முடியாது, தொழில்நுட்பம் இடம் கொடுத்தாலும் பல நிறுவனங்கள் பக்கத்து இருக்கைக்காரரை நினைத்து வாய்ஸ் கால்களை அனுமதிப்பதில்லை. எழுதி அனுப்பலாம். டிக்கெட்டில் விமானத்தின் வகை, ஏ350 என்றோ 787-9 என்றோ இருக்கும். அதை வைத்து நிறுவனத்தின் தளத்தில் "இன்டர்நெட்" என்று தெளிவாகப் போட்டிருக்கிறதா, வெறும் "பொழுதுபோக்கு வை-பி" என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றினால் அந்த வசதியும் மாறிவிடும். அதனால் அம்மாவிடம், செய்தி வராவிட்டால் பயப்பட வேண்டாம், இறங்கியதும் போன் செய்கிறேன் என்று சொல்லிவிட்டே கிளம்பச் சொன்னேன்.