பாடம் 9: ஊர்க் குழுவில் நட்புத் தேடுவோம்

இந்தப் பாடத்தைக் குடும்பமாக இருந்து வாசியுங்கள். பிள்ளை ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம். கைத்தொலைபேசி ஒன்றைப் பக்கத்தில் வைத்திருந்தால், இங்கே சொல்லப்படும் அமைப்புகளை அப்போதே செய்து பார்க்கலாம்.

இதைப் படித்து முடித்ததும் நீங்கள்:
- உங்களுக்குப் பயன்படும் குழுவைத் தெரிந்தெடுப்பீர்கள்.
- அறிமுகமில்லாத ஒருவரை எப்படி விசாரித்து அறிவது என்று தெரிந்துகொள்வீர்கள்.
- ஏமாற்றமோ மிரட்டலோ நேர்ந்தால் யாரிடம் போவது என்று தெரிந்துவைத்திருப்பீர்கள்.

1. அயல் இல்லாத வீடு

காணி துப்புரவாகிறது. கிணறு இறைக்கப்படுகிறது. வீட்டுக்கு உதவித்தொகை வருகிறது. ஆனால் அயலை எந்தத் திட்டமும் கட்டித் தருவதில்லை. அதை நாங்களேதான் திரும்பச் சேர்க்க வேண்டும்.

1990 ஜூனில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். மயிலிட்டித் துறைமுகமும் அதைச் சூழ்ந்த காணிகளும் விடுவிக்கப்பட்டது 2017 ஜூலையில். இடையில் 27 ஆண்டுகள். போகும்போது பத்து வயதாக இருந்தவர் திரும்பும்போது 37 வயதுத் தகப்பன். அவருடைய பிள்ளைகள் பிறந்து வளர்ந்தது மல்லாகம், சுன்னாகம் பக்கத்து நலன்புரி நிலையத்திலோ, வடமராட்சியில் வாடகை வீட்டிலோ. அவர்களுக்கு இது புது ஊர். பழைய அயலவர் சிலர் இறந்துவிட்டார்கள். சிலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருக்கிறார்கள். சிலர் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் நிலையும் இதுவே. வீடு யாழ்ப்பாணத்தில், உறவுகள் பல புத்தளத்தில்.

முந்தி எங்கள் வளவுகளின் வேலியில் ஒரு பொட்டு இருந்தது. சீனி கடன் வாங்கவும், இரவில் காய்ச்சல் என்றால் ஓடிப்போய்ச் சொல்லவும் அந்தப் பொட்டுப் போதும். இன்று அந்த வேலையில் ஒரு பங்கைக் கைத்தொலைபேசிக் குழு செய்கிறது. ஒரு வேறுபாடு உண்டு. பொட்டால் வந்தவர் யாருடைய பிள்ளை என்று உங்களுக்குத் தெரியும். குழுவால் வருபவர் யாரென்று தெரியாமலும் இருக்கலாம். ஆகவே இந்தப் பாடம் சொல்லும் விடயம் ஒன்றுதான்: தெரிந்தவர் ஒருவர் வழியாக அறிந்து பழகுங்கள், தொலைபேசியில் தொடங்கும் நட்பை இயன்றவரை நேருக்குக் கொண்டுவாருங்கள்.

2. எந்தக் குழுவில் சேருவது?

வட்ஸ்அப், வைபர், பேஸ்புக் என்று வழிகள் பல. வழியைவிட, குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதே முக்கியம். முதலில் இவற்றைத் தேடுங்கள்:

- உங்கள் ஊர்ச் சனசமூக நிலையம், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் நடத்தும் குழு.
- பிள்ளையின் வகுப்புப் பெற்றோர் குழு, முன்பள்ளிக் குழு.
- நீங்கள் படித்த பாடசாலையின் பழைய மாணவர் குழு. புலம்பெயர்ந்த பழைய நண்பர்களைக் கண்டுபிடிக்க இது நல்ல வழி.
- கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், கமக்காரர் அமைப்பு போன்ற தொழில் சார்ந்த குழு.

இந்தக் குழுக்களுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. நடத்துபவரை நேரில் போய்க் காணலாம். "இவர் ஆர்?" என்று கேட்டால் பதில் சொல்ல ஒருவர் இருப்பார். யார் நடத்துகிறார் என்றே தெரியாத குழுவுக்கு அழைப்பு வந்தால் ஆழமறியாமல் காலை விடாதீர்கள்.

3. சேருமுன் செய்துவைக்க வேண்டியவை

வட்ஸ்அப் குழுவில் சேர்ந்ததும் உங்கள் தொலைபேசி எண் அங்குள்ள எல்லோருக்கும் தெரியவரும். ஆகையால்:

அ. அமைப்புகளுக்குள் தனியுரிமை என்ற பகுதிக்குச் செல்லுங்கள். உங்களைக் குழுக்களில் யார் சேர்க்கலாம் என்ற இடத்தில் "எனது தொடர்புகள்" என்பதைத் தெரியுங்கள். அதன்பின் அந்நியர் உங்களை நேரடியாகக் குழுவில் இழுத்துவிட முடியாது.

ஆ. உங்கள் படத்தையும் தொடர்புகள் மட்டுமே பார்க்கும்படி வையுங்கள். இளம் பெண்கள் இருக்கும் வீடுகளில் இதை மறக்க வேண்டாம்.

இ. கணக்கு என்ற பகுதியில் இரு படிநிலைச் சரிபார்ப்பை இயக்கி, ஆறு இலக்க இரகசிய எண் ஒன்றை வையுங்கள். பிறந்த ஆண்டை அதில் சேர்க்க வேண்டாம்.

இந்தியாவிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்கு இன்னொரு குறிப்பு. பாவிக்காமல் விட்ட இந்திய எண் சில காலத்தின்பின் வேறொருவர் கைக்குப் போகலாம். பழைய எண்ணில் வட்ஸ்அப் இயங்கும்போதே, "எண்ணை மாற்று" என்ற வசதியால் இலங்கை எண்ணுக்கு மாறிக்கொள்ளுங்கள். நீங்கள் இருந்த குழுக்கள் அப்படியே தொடரும். மண்டபத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் விட்டுவந்த நண்பர்களையும் இழக்க வேண்டியதில்லை.

4. நட்பு எப்படி வளரும்?

குழுவில் சேர்ந்த அன்றே நண்பர் கிடைக்கமாட்டார். முதலில் உங்களை ஊர் வழக்கப்படி அறிமுகம் செய்யுங்கள். "நான் தையிட்டி, கிணற்றடி ஒழுங்கையில் இருந்த வாத்தியாரின் இரண்டாவது மகள். போன மாதம் குடும்பத்தோடு திரும்பி வந்திருக்கிறோம்." இவ்வளவு போதும். யாராவது ஒருவர், "உன்ரை அம்மாவோடை நான் படிச்சனான்" என்று எழுதக்கூடும். வீட்டு இலக்கம், அடையாள அட்டை இலக்கம், கணவர் வெளியூரில் வேலை செய்கிறார் என்ற செய்தி ஆகியவை அறிமுகத்துக்குத் தேவையில்லை.

அடுத்ததாக, ஏதாவது கேளுங்கள் அல்லது கொடுங்கள். மேசன் வேலைக்கு ஆள் யார்? குழாய்க்கிணற்றுத் தண்ணீர் உப்பா? வீட்டில் முருங்கைக்காய் மிஞ்சியிருக்கிறது, யாருக்கு வேண்டும்? இப்படியான சிறிய கொடுக்கல் வாங்கலில்தான் பழக்கம் பிறக்கிறது. காலை வணக்கப் படங்களை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தால் நட்பு வளராது.

எழுதத் தயக்கமானவர்கள் குரல் பதிவு அனுப்பலாம். மூத்தவர்கள் பலருக்கு இது மிக இலகு. பல்லாண்டாகக் கேட்காத குரலைக் கேட்பது அவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

மூன்றாவதாக, பழக்கத்தை நேருக்குக் கொண்டுவாருங்கள். பக்கத்து ஒழுங்கையில் உள்ளவர் என்றால் கோயில் திருவிழாவிலோ, வாசிகசாலையிலோ, பெற்றோர் கூட்டத்திலோ கண்டு கதையுங்கள். வெளிநாட்டில் உள்ள நண்பர் என்றால், ஊரில் இருக்கும் அவருடைய உறவினர் வீட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள்.

பழைய மனக்கசப்புகளையும் குழுவுக்குள் கொண்டுவர வேண்டாம். எல்லைத் தகராறு, காணிப் பிரச்சினை, யார் எந்தப் பக்கம் நின்றார் என்ற கதை எல்லாம் நூறு பேர் முன்னால் எழுதப்பட்டால் ஆறாது. காணி விடயத்தைக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் பேசுங்கள். காணாமற்போனவர்களைப் பற்றி ஒருவர் எழுதினால் ஆராயாமல் ஆறுதல் சொல்லுங்கள். அந்த வீட்டின் வலி உங்களுக்குத் தெரியும்.

5. இவர் உண்மையான ஆளா?

ஒருவர் உங்களுக்குத் தனியாகச் செய்தி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "நான் சுவிஸில் இருக்கிறன். உங்கடை ஊர்தான். குழுவில் உங்கடை பெயரைப் பார்த்தன்" என்கிறார். உண்மையாகவும் இருக்கலாம். மூன்று விதமாக விசாரியுங்கள்.

- ஊர்க் கேள்வி: யாருடைய மகன்? எந்தப் பள்ளிக்கூடம்? எந்த வாசிகசாலையடி? ஊரவர் இதற்குக் கோபிக்கமாட்டார். சந்தோசமாகக் கதை சொல்லுவார்.
- மூன்றாம் ஆள்: அவர் சொன்ன குடும்பத்தைத் தெரிந்த மூத்தவர் ஒருவரிடம் கேளுங்கள். அவருடைய சொல் இல்லாமல் பழக்கத்தை நெருக்கமாக்க வேண்டாம்.
- முகம்: காணொளி அழைப்பில் கதைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் சாட்டுச் சொல்பவரைத் தள்ளியே வையுங்கள்.

கீழுள்ள நான்கில் ஒன்று வந்தாலும் கதையை நிறுத்துங்கள்.

ஒன்று, காசு. பரிசுப் பொதி சுங்கத்தில் நிற்கிறது, அதை எடுக்கப் பணம் கட்டுங்கள் என்பது பழைய ஏமாற்று.

இரண்டு, இலக்கம். தொலைபேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணைச் சொல்லுங்கள் என்று கேட்டால், கேட்பவர் சொந்தத் தம்பியின் எண்ணிலிருந்து எழுதினாலும் கொடுக்க வேண்டாம். தம்பியின் கணக்கை யாரோ கைப்பற்றியிருக்கலாம். அவருக்கு அழைப்பு எடுத்துக் குரலைக் கேளுங்கள்.

மூன்று, ஆவணம். காணி உறுதி, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் படங்களைக் குழுவிலோ தனியாகவோ அனுப்ப வேண்டாம். இழந்த உறுதிக்குப் பிரதி பெற உதவுவதாகச் சொன்னாலும் இதே பதில்தான்.

நான்கு, அவசரமும் இரகசியமும். "வீட்டிலை சொல்ல வேண்டாம், நாளைக்கே முடிவு சொல்லுங்கோ" என்று வரும் கல்யாணப் பேச்சும், படகில் வெளிநாடு அனுப்பும் பேச்சும் குடும்பங்களின் நகையையும் காணியையும் விழுங்கக்கூடியவை. உயிரும் போகலாம். வெளிநாட்டு வேலை என்றால், அந்த முகவர் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவுபெற்றவரா என்று முதலில் விசாரியுங்கள்.

6. வந்த செய்தியை அனுப்புமுன்

2018 மார்ச்சில் கண்டி மாவட்ட வன்முறையின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்பும் அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் போன்றவற்றைத் தற்காலிகமாக முடக்கியது. பொய்ச் செய்திகள் பரவுவதைத் தடுப்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். எங்கள் ஊர்களிலும் "நாளை காணி விடுகிறார்கள்", "பெயர் பதிய இன்றே கடைசி நாள்" என்று ஒரு செய்தி வந்தால், வயதானவர்கள் வெயிலில் பஸ் ஏறிப்போய் ஏமாந்து திரும்ப நேரும். அம்புக்குறி இரண்டு போட்டு வரும் செய்தி பலமுறை கைமாறியது. அதைக் கிராம அலுவலரிடம் கேட்டு உறுதி செய்யாமல் மற்றவருக்கு அனுப்ப வேண்டாம். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்யான கூற்றுகள் பற்றியும் பேசுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

7. பிள்ளைகள்

வட்ஸ்அப், பேஸ்புக் இரண்டுக்கும் குறைந்த வயது 13. பாடசாலை மாறி வந்த பிள்ளைக்குப் பழைய நண்பர்களோடு கதைக்க ஆசை இருக்கும். அதைத் தடுக்க வேண்டாம். தொலைபேசியை விறாந்தையில் இருந்து பாவிக்கட்டும். "யாராவது படம் கேட்டால் எனக்குச் சொல்லு, நான் ஏசமாட்டன்" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஏச்சுக்குப் பயந்து பிள்ளை மறைக்கும்போதுதான் மிரட்டுபவருக்குப் பலம் கூடுகிறது.

8. பிழையாகிவிட்டால்

ஏமாற்றப்பட்டவர் வெட்கப்படத் தேவையில்லை. குற்றம் ஏமாற்றியவருடையது. இப்படிச் செய்யுங்கள்:

- கேட்ட பணத்தைக் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் திரும்பவும் கேட்பார்கள்.
- செய்திகளை அழிக்க வேண்டாம். முதலில் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். பிறகு அந்த எண்ணைத் தடுங்கள்.
- கணக்குக் கைப்பற்றப்பட்டால் உங்கள் சிம் மூலம் மீண்டும் பதிவுசெய்யுங்கள். மற்றவர் வெளியேற்றப்படுவார். உறவினருக்கு உடனே அழைத்து, உங்கள் பெயரில் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.
- உதவிக்கு: பொலிஸ் அவசர சேவை 119, பெண்களுக்கான உதவி 1938, சிறுவர் உதவி 1929, இணையப் பிரச்சினைகளுக்கு இலங்கை சேர்ட் 101, மனம் தாங்காதபோது தேசிய மனநல நிறுவகம் 1926.

9. குடும்பமாகக் கதைப்போம்

1. எங்கள் பழைய ஒழுங்கையில் இருந்த ஐந்து குடும்பங்களின் பெயரைச் சொல்லுங்கள். அவர்கள் இப்போது எங்கே? யாரிடம் விசாரிக்கலாம்?
2. எங்கள் வீட்டில் யார் எந்தக் குழுக்களில் இருக்கிறார்கள்? அவற்றை நடத்துபவரை நேரில் தெரியுமா?
3. மாமாவின் எண்ணிலிருந்து காசு கேட்டுச் செய்தி வந்தால் முதலில் என்ன செய்வோம்?

இந்த வாரம் ஒரு வேலை: குழுவில் மட்டும் தெரிந்த அயலவர் ஒருவரை நேரில் போய்க் காணுங்கள். வெறுங்கையோடு போகாமல் வளவில் காய்த்ததில் கொஞ்சம் கொண்டுபோங்கள்.