புகையிலைச் சார்புநிலைக்குச் சிகிச்சை: மருத்துவமனை கேட்க வேண்டிய கேள்வி

மருத்துவமனையில் சேர்க்கப்படும் எவருக்கும் முதலில் இரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் அளக்கப்படுகின்றன. எந்த மருந்து ஒவ்வாது என்றும் கேட்கப்படுகிறது. இவை தாதியின் நினைவை நம்பி விடப்படுவதில்லை. படிவத்திலேயே அவற்றுக்கு இடம் உண்டு. புகையிலை பற்றிய கேள்வியோ பல இடங்களில், கேட்பவரின் நேரத்தையும் விருப்பத்தையும் பொறுத்தே அமைகிறது. கேட்கப்பட்டாலும், "விட்டுவிடுங்கள்" என்ற அறிவுரையோடு அது முடிந்துவிடுகிறது. கனடாவில் ஆண்டுதோறும் 45,000 பேருக்கும் அதிகமானோரின் உயிரைப் புகையிலை பறிக்கும் நிலையில், இந்த அறிவுரை மட்டும் போதுமானதன்று.

சார்புநிலையும் மருத்துவமும்

புகையை உள்ளிழுத்த சில நொடிகளிலேயே நிக்கொட்டின் மூளையை அடைகிறது. பல ஆண்டுகள் அதற்குப் பழகிய மூளை, அது கிடைக்காதபோது எதிர்வினை காட்டுகிறது. எரிச்சல், அமைதியின்மை, தூக்கக் குறைவு, கவனச் சிதறல் ஆகியவை சில மணி நேரத்திலேயே தொடங்கி, முதல் சில நாட்களில் உச்சத்தை எட்டி, சில வாரங்கள் நீடிக்கின்றன. எந்த உதவியும் இன்றி விட முயல்வோரில் மிகச் சிலரே ஓராண்டைக் கடக்கின்றனர். விட முயல்பவருக்கு மன உறுதி தேவை. ஆனால் மன உறுதி குறைவு என்று அவரைக் குறைகூறுவது சிகிச்சை ஆகாது.

பயனுள்ள சிகிச்சைகள் ஏற்கெனவே உள்ளன. தோலில் ஒட்டும் நிக்கொட்டின் பட்டை, சூயிங்கம், வாயில் கரையும் வில்லை, வரெனிக்ளின், புப்ரோபியோன் ஆகியவை அவற்றுள் அடங்கும். மருந்தும் ஆலோசனையும் இணையும்போது பலன் கூடுகிறது. ஆகவே குறை மருந்தில் இல்லை. தேவைப்படுபவரிடம் அதைக் கொண்டுசேர்க்கும் ஒழுங்கிலேயே உள்ளது.

ஒட்டாவாவில் தொடங்கிய முறை

2002ஆம் ஆண்டு ஒட்டாவா பல்கலைக்கழக இதய நிறுவனம் இந்த ஒழுங்கை உருவாக்கத் தொடங்கியது. பின்னர் அது 'ஒட்டாவா மாதிரி' எனப் பெயர் பெற்றது. அதன் படிகள் எளியவை. சேர்க்கப்படும் ஒவ்வொருவரிடமும் புகைப்பழக்கம் பற்றிக் கேட்க வேண்டும். விடையைக் கோப்பில் பதிய வேண்டும். படுக்கையருகே ஆலோசனையும் மருந்தும் வழங்க வேண்டும். வீடு திரும்பியபின் சில மாதங்கள் தொலைபேசி வழியாகத் தொடர்ந்து விசாரிக்க வேண்டும்.

ஒன்ராறியோவில் மருத்துவமனை வளாகத்தில் புகைப்பது இன்று சட்டப்படி தடைசெய்யப்பட்டுள்ளது. எனவே அங்கே அனுமதிக்கப்படுபவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அன்றே புகைப்பதை நிறுத்தியவர் ஆகிறார். அந்த நேரத்தில் மருந்து கொடுக்காமல் விடுவது அவரை வேதனையில் விடுவதற்கு ஒப்பாகும். மருந்து கொடுத்தால், கட்டாயத்தால் கிடைத்த அந்த நாட்களே நிரந்தரமாக விடுவதற்கான தொடக்கமாகலாம்.

கிடைத்த பலன்

ஒன்ராறியோவின் ஒன்பது மருத்துவமனைகளில் இந்த முறை அறிமுகமானபோது, ஆறு மாதங்களின் பின்னும் புகைக்காதிருந்தோர் 18.3 சதவீதத்திலிருந்து 29.4 சதவீதமாக உயர்ந்தனர். 2017இல் வெளியான மற்றோர் ஆய்வு 14 மருத்துவமனைகளை ஆராய்ந்தது. வழக்கமான பராமரிப்புப் பெற்றோரில் 11.4 சதவீதத்தினர் ஓராண்டுக்குள் இறந்தனர். இந்த முறையில் சிகிச்சை பெற்றோரில் அது 5.4 சதவீதம். 30 நாட்களுக்குள் மீண்டும் மருத்துவமனைக்கு வந்தோரும் 13.3 சதவீதத்திலிருந்து 7.1 சதவீதமாகக் குறைந்தனர். நோயாளர் எழுமாற்றாகப் பிரிக்கப்படாத ஆய்வு இது என்பதால், வேறுபாடு முழுவதையும் இந்த முறையின் பலன் என்று கூற இயலாது. எனினும் பிற நாடுகளும் இதனைக் கவனத்தில் கொண்டன. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2019இல் வெளியிட்ட நீண்டகாலத் திட்டம், புகைபிடிக்கும் உள்நோயாளர் அனைவருக்கும் இத்தகைய சிகிச்சையை வழங்க உறுதியளித்தது.

தமிழ் நோயாளரும் விடுபடும் விடைகளும்

"புகைபிடிப்பீர்களா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று உண்மையாகவே விடையளிக்கும் முதியவர், நாள்தோறும் வெற்றிலையோடு புகையிலையும் சேர்த்து மெல்பவராக இருக்கலாம். படிவத்தில் அவர் 'புகையிலை பயன்படுத்தாதவர்' ஆகிவிடுகிறார். மெல்லும் புகையிலையிலும் நிக்கொட்டின் உண்டு. அதுவும் வாய்ப் புற்றுநோயை விளைவிக்கக்கூடியது. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியுள்ளது.

இரண்டாவது இடர் மொழிபெயர்ப்பில் எழுகிறது. மகனோ மகளோ உரைபெயர்க்கும்போது, வீட்டுக்குத் தெரியாமல் புகைக்கும் தந்தை உண்மையைச் சொல்வது அரிது. பிள்ளையின் முன்னால் தலைகுனிய அவர் விரும்பமாட்டார். அவர் மறைக்கும் அந்த ஒரு விடையால், மாரடைப்புக்குப் பின் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய சிகிச்சை கிடைக்காமல் போகிறது.

மருத்துவ நிலையங்கள் மேற்கொள்ளத்தக்கவை

1. புகைத்தல், மெல்லுதல், சுருட்டு, மின்சிகரெட் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்கும் வகையில் படிவத்தை மாற்றுதல்.
2. உறவினரைத் தவிர்த்து, பயிற்சி பெற்ற தமிழ் உரைபெயர்ப்பாளர் மூலம் கேட்டல்.
3. சேர்க்கப்பட்ட நாளிலேயே மருந்து வழங்குதல். அதனைத் தாதியரின் வழமையான பணிகளுள் ஒன்றாக்குதல்.
4. வீடு திரும்பியபின் நோயாளருக்குப் புரியும் மொழியிலேயே தொலைபேசி விசாரிப்பு நடைபெறுவதை உறுதிசெய்தல்.
5. எத்தனை பேரிடம் கேட்கப்பட்டது, எத்தனை பேருக்குச் சிகிச்சை கிடைத்தது என்பதைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் கணக்கிட்டு ஊழியருக்கு அறிவித்தல். அளக்கப்படாத பணி விரைவில் கைவிடப்படும்.

குடும்பங்களும் முதியோர் மன்றங்களும்

உரைபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுவதில் நோயாளர் தயங்க வேண்டியதில்லை. உண்மையைச் சொல்வதற்காக அவரைத் தனியே பேச விடுவதும் குடும்பத்தார் செய்யும் உதவியே. ஒன்ராறியோவில் மருந்தாளர்களும் விட உதவும் சில மருந்துகளை எழுதிக் கொடுக்கலாம். எனவே குடும்ப வைத்தியரைச் சந்திக்கும் நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கனடாவெங்கும் 1-866-366-3667 என்ற இலக்கத்தில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

ஒருமுறை விட்டு மீண்டும் தொடங்கியவர் தோற்றவர் அல்லர். நிரந்தரமாக விடுவதற்குமுன் பலமுறை முயல்வது இயல்பு. ஒவ்வொரு முயற்சியிலும் எந்த மருந்து உதவியது, எந்த வேளையில் மனம் தளர்ந்தது என்பதைக் குறித்துவைத்து வைத்தியரிடம் கூறினால், அடுத்த முயற்சிக்கு அது வழிகாட்டும்.

கலந்துரையாடலுக்கு

• இறுதியாக மருத்துவமனைக்குச் சென்றபோது புகையிலை பற்றிக் கேட்கப்பட்டதா? எந்த மொழியில், யார் முன்னிலையில்?
• வெற்றிலையோடு புகையிலை மெல்லும் பழக்கம் குடும்ப வைத்தியருக்குத் தெரியுமா?
• முதியோர் மன்றத்தின் அடுத்த கூட்டத்துக்கு ஒரு மருந்தாளரையோ தாதியையோ அழைக்க இயலுமா?