மீண்ட நூலகம்

ஸ்காட்லாந்து நாட்டிலுள்ள கெல்சோ என்னும் சிற்றூரில், ஒரு தோட்டத்துப் பெருமரத்தின் நிழலில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் நூலொன்றைக் கையிலேந்தி அமர்ந்திருந்தான். பழைய கதைப் பாடல்களைப் பெர்சி என்னும் அறிஞர் தொகுத்து வெளியிட்ட நூல் அது. உணவு வேளை கடந்தது. வளரும் பருவத்துக் கடும்பசியும் அவனை எழுப்பவில்லை. வீட்டார் கவலையுற்றுத் தேடி வந்தபோதும் அவன் அதிலேயே ஆழ்ந்திருந்தான். பின்னர்ச் சில வெள்ளிக்காசுகள் சேர்ந்தவுடன் அந்நூலைத் தனக்கென விலைக்கு வாங்கிக்கொண்டான். அச்சிறுவனே பிற்காலத்தில் வரலாற்று நாவல்களால் புகழ்பெற்ற சர் வால்டர் ஸ்காட்.

1771-ஆம் ஆண்டில் எடின்பரோ நகரில் பிறந்த ஸ்காட்டுக்கு, இரண்டு வயது நிரம்புமுன்பே நோயால் வலக்கால் முடமாயிற்று. நலம் பெறும்பொருட்டுப் பாட்டனாரின் பண்ணை வீட்டிற்கு அவரை அனுப்பினர். அங்கே பாட்டியும் அத்தையும் சொன்ன எல்லைப்புறப் போர்க் கதைகளே அவருக்கு முதற் பாடங்கள். பத்து வயதிற்குள்ளாகவே, கூடை சுமந்து ஊர்தோறும் திரியும் சிறு வணிகரிடம் மலிவான கதைப் புத்தகங்களை வாங்கிச் சேர்க்கலானார். வீட்டு வேலையாட்களும் அக்கதைகளில் பெருவிருப்பம் உடையவர்கள். அவர்கள் எடுத்துச் செல்வதும் இவர் அரும்பாடுபட்டு மீட்பதுமாக நெடுநாள் நடந்தது. நல்ல அட்டை கட்டிய பின்னரே அவை அவர்கள் கைக்குத் தப்பின!

இளமையில் ஸ்பானிய மொழியைக் கற்று, செர்வான்டிஸின் கதைகளைப் படித்தார். கதை எழுதிச் சிறக்கவேண்டும் என்னும் ஆசையைத் தம்முள் முதன்முதல் எழுப்பியவை அவையே எனப் பின்னாளில் கூறினார். நண்பர் ஒருவருடன் குன்றுகளில் ஏறி, தாமே புனைந்த வீரக் கதைகளை ஒருவருக்கொருவர் சொல்லி மகிழ்வதும் உண்டு.

வழக்கறிஞரான பின்னும் அவருடைய வேட்கை தணியவில்லை. வண்டி செல்லப் பாதையில்லாத மலைப்பகுதிகளிலும் திரிந்து, முதியோர் பாடிய பாடல்களைத் திரட்டி 1802-ஆம் ஆண்டு முதல் வெளியிட்டார். பாடல்கள் தந்தவருள் ஒருவர் ஹாக் என்னும் கவிஞரின் தாயார். அவை பாடுவதற்கென்று அமைந்தவை. அச்சிட்டதனால் கெட்டுவிட்டன என்று அம்மூதாட்டி ஸ்காட்டிடமே குறைகூறினார். அவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் எழுத்தில் ஏறாதிருப்பின் அவற்றுட் பல முதியோருடனேயே மறைந்திருக்கும்.

1805-இல் தொடங்கிய ஒரு நாவலை, நண்பர் ஒருவர் பாராட்டாமையால் ஸ்காட் ஒதுக்கிவைத்தார். பல ஆண்டுகளுக்குப் பின், தூண்டிற் கருவிகளைத் தேடிப் பழைய மேசையைத் திறந்தபோது அத்தாள்கள் அகப்பட்டன. அவற்றை எழுதி முடித்து, 1814-இல் தம் பெயரின்றி வெளியிட்டார். 'வேவர்லி' என்னும் அந்நாவல் பெரும்புகழ் பெற்றது. மேலும் பல நாவல்கள் தொடர்ந்தன. அவற்றால் வந்த பொருளைக்கொண்டு ஆபட்ஸ்போர்டு என்னுமிடத்தில் மாளிகை எழுப்பி, ஏறத்தாழ 9,000 நூல்களைச் சேர்த்தார்.

1826-ஆம் ஆண்டு சனவரியில் பேரிடி வீழ்ந்தது. அவர் பங்கு கொண்டிருந்த அச்சகமும் அவர்தம் நூல்களை வெளியிட்ட நிறுவனமும் ஒருசேர நொடித்தன. ஒரு லட்சம் பவுனுக்கு மேற்பட்ட கடன் அவர் தலைமேல் நின்றது. நிலமும் மாளிகையும் வாங்குவதில் அளவு கடந்ததும், கணக்கை ஆராயாது விட்டதும் அவர் குறைகளே. ஆயினும் சட்டத்தின் துணையால் கடனிலிருந்து விலகிக்கொள்ள அவர் உடன்படவில்லை. நண்பர்கள் அளிக்க முன்வந்த பொருளையும் ஏற்கவில்லை. தம் எழுத்தாலேயே கடனை அடைப்பதாக உறுதிகூறினார். எடின்பரோவிலிருந்த வீடு விற்கப்பட்டது. ஆபட்ஸ்போர்டில் வாழ இசைவு கிடைத்தது. ஆனால் அங்கிருந்த நூல்கள் கடன் கொடுத்தோரின் உடைமையாயின. அவ்வாண்டு மே மாதத்தில் மனைவியும் இறந்தார். தமக்குரியதல்லாத நூல்களின் நடுவே அமர்ந்து, ஐம்பத்து நான்கு வயதினரான ஸ்காட் நாள்தோறும் எழுதினார். ஒன்பது தொகுதிகள் கொண்ட நெப்போலியன் வரலாறு அக்காலத்தில் எழுந்ததே. இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 40,000 பவுன் கடன் கொடுத்தோருக்குச் சேர்ந்தது.

1830-இல் அவரை வாதநோய் தாக்கியது; பேச்சு தடுமாறியது; எனினும் எழுதுகோலை அவர் கீழே வைக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் கடன் கொடுத்தோர் கூடினர். கடன் முழுதும் தீராதிருந்தும், நூலகத்தையும் வீட்டுப் பொருள்களையும் அவருக்கே திருப்பிக் கொடுப்பதென ஒருமனதாக முடிவு செய்தனர்.

1832-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆபட்ஸ்போர்டிலேயே ஸ்காட் உயிர் நீத்தார். எஞ்சிய கடன் 1847-இல், அவர் நூல்களின் பதிப்புரிமையைக் கொடுத்துத் தீர்க்கப்பட்டது. கூடைக்காரரிடம் வாங்கி, வேலையாட்களிடமிருந்து மீட்ட அச்சிறு கதைப் புத்தகங்கள் இன்றும் அம்மாளிகையில் உள்ளன.