கடலடி ஓசையிலிருந்து கைப்பேசி வரை

கம்பியில்லாத் தகவல் தொடர்பு என்றதும் நம் நினைவுக்கு வருபவர் மார்க்கோனி. அவர் பெயரால் வழங்கப்படும் பரிசை 2014ஆம் ஆண்டு பெற்றவர் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1944இல் பிறந்த அவர், பதினைந்தாம் வயதில் தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகம் வழியாகக் கடற்படைக்குச் சென்றார். கடற்படையே அவரை டெல்லி ஐ.ஐ.டி.க்குப் படிக்க அனுப்பியது. 1971 டிசம்பரில் நம் போர்க்கப்பல் குக்ரியைப் பாகிஸ்தானின் நீர்மூழ்கி தகர்த்தது. அதன்பின், நீர்மூழ்கியைக் கண்டறியும் சோனார் கருவியை மேம்படுத்தும் பொறுப்பு பால்ராஜுக்கு வந்தது. சோனார் வானொலி அன்று. கடல்நீரில் வானொலி அலை வெகுதூரம் செல்லாது, ஒலி செல்லும். வரிசையாக வைத்த பல கருவிகளில் ஒரே ஓசை சற்று முன்பின்னாக விழும். அந்த நேர வேறுபாட்டைக் கொண்டு திசையைக் கணக்கிடுவார்கள்.

1991இல் கடற்படையிலிருந்து விலகி அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் சென்ற அவர், இந்தக் கணக்கை வானொலி அலைக்குக் கொண்டுவந்தார். தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து 1992இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1994இல் கிடைத்தது. அதுவே இன்று 'மைமோ' எனப்படுகிறது.

மாணவ நண்பர்களே, இது நாம் பள்ளியில் போட்ட ஒருங்கமை சமன்பாடுதான்! இரண்டு ஆன்டெனாக்கள் அ, இ என்ற இரு வேறு செய்திகளை ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் அனுப்புவதாகக் கொள்வோம். பெறும் பக்கத்தில் இரண்டும் கலந்தே வரும். ஓர் ஆன்டெனாவில் 2அ + இ = 7, மற்றதில் அ + 3இ = 11 என்று வந்தால், அ = 2, இ = 3 எனப் பிரித்துவிடலாம். இரண்டாவதில் 4அ + 2இ = 14 என்று வந்தால்? முதல் சமன்பாடேதான், பிரிக்க வழியில்லை. தச்சநல்லூரில் எங்கள் தெருவில் அலை சுவரிலும் பேருந்திலும் மோதிச் சிதறித்தான் வருகிறது. முன்பு பொறியாளர்கள் இதைப் பெருந்தொல்லை என்றே கருதினர். இந்தச் சிதறல்தான் இரு சமன்பாடுகளையும் வேறுபடுத்தித் தருகிறது என்பதே பால்ராஜ் கண்ட நுட்பம். முதலில் பலர் நம்பவில்லை. இன்றோ வைஃபையிலும் 4ஜி, 5ஜியிலும் இதுவே இயங்குகிறது.

பொறியியல் இடம் கிடைக்காதவன்தான் பி.எஸ்ஸி.க்கு வருகிறான் என்ற பேச்சு நம் காதில் விழாத நாளில்லை. அப்துல் கலாம் திருச்சியில் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்த பிறகே குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர்ந்தார். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்த பி.எஸ்ஸி. பட்டதாரிகள் தமிழ்நாட்டில் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. படிக்க 'ஜாம்' தேர்வு இருக்கிறது. 'கேட்' தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம்.

எனக்குப் பி.இ. வழியே பிடித்திருக்கிறது. ஆனால் அதற்கு மேலும் மூன்று ஆண்டுகள் வேண்டும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அடுத்த ஆண்டு சம்பளம் வரும் என்று வீட்டில் காத்திருக்கிறார்கள். இதை அப்பாவிடம் இன்னும் பேசவில்லை.