நடை தடுமாறும்போது: மருந்தும் நேரமும்

நம் வீட்டுப் பெரியவர் காலை இழுத்து, சிறு சிறு அடியாக நடக்கத் தொடங்கினால், ‘வயதாகிவிட்டது’ என்று நாம் விட்டுவிடுகிறோம். அது பார்க்கின்சன் நோயாகவும் இருக்கலாம்.

மூளையில் டோபமைன் என்ற பொருள் குறைவதால் இந்நோய் வருகிறது. லெவோடோபா மாத்திரை மூளைக்குள் சென்று டோபமைனாக மாறுகிறது. அது வழியிலேயே வீணாகாமல் இருக்க கார்பிடோபா சேர்த்துத் தருகிறார்கள். இது நோயைக் குணப்படுத்தாது. ஆனால் நடையை எளிதாக்கும்.

நாம் கவனிக்க வேண்டியவை:

1. வேளை தவறக் கூடாது. சில ஆண்டுகள் சென்றபின், அடுத்த வேளைக்கு முன்பே மருந்தின் பலன் தீர்ந்து, கால் தரையில் ஒட்டியதுபோல் நின்றுவிடலாம். அது நடக்கும் நேரத்தைக் குறித்து மருத்துவரிடம் காட்டினால், மருந்தை மாற்றியமைக்க அவருக்கு உதவும்.

2. இறைச்சி, முட்டை, பருப்பிலுள்ள புரதம் மருந்தின் பலனைக் குறைக்கலாம். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு கொடுப்பது நல்லது. குமட்டல் வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

3. வாந்திக்குக் கடையில் நாமாகவே மாத்திரை வாங்கக் கூடாது. மெட்டோகுளோபிரமைடு நடையை இன்னும் மோசமாக்கும்.

4. மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். ரமலானில் பகல் வேளை மருந்தை விடும் முன் மருத்துவரிடம் கேட்போம். நோயாளிக்கு நோன்பில் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

மாத்திரை வாங்கித் தருவதோடு நம் கடமை முடிவதில்லை. கடிகாரம் பார்த்துக் கொடுப்பதும் நம் பொறுப்புதான்.