ஆஸ்திரேலியா கிளம்புகிறீர்களா? முதலில் இனிஷியலைப் பாருங்கள்

ஆஸ்திரேலியத் திறனாளர் விசாவுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று யாராவது யோசனை கேட்டு வந்தால், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், டிகிரி, பாஸ்போர்ட், திருமணப் பதிவுச் சான்றிதழ் நான்கையும் எடுத்து வரச் சொல்வேன். நான்கையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரை மட்டும் வாசிக்க வேண்டும். நான்கிலும் ஒரே பெயர் இருப்பவர்கள் நம் ஊரில் குறைவு.

பத்தாம் வகுப்பில் ‘முருகன் ச’. டிகிரியில் ‘எஸ். முருகன்’. பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட மாட்டார்கள், விரித்துத்தான் எழுத வேண்டும். அங்கே அவர் ‘முருகன் சண்முகம்’. மனைவி பாஸ்போர்ட் எடுத்தது கல்யாணத்துக்கு முன், ஆகவே அதில் அவருடைய அப்பா பெயர். குழந்தைக்குக் குடும்பப் பெயர் ‘முருகன்’. நமக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. ஆனால் கோப்பைப் பிரிக்கும் அதிகாரிக்கு இது ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர், ஒரே ஆளுக்கு மூன்று பெயர்.

இதைச் சரிசெய்ய நேரம் பிடிக்கும். அதனால்தான் இதில் தொடங்கச் சொல்கிறேன். எழுத்தே மாறியிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டு, பிறகு பாஸ்போர்ட்டை மறு வழங்கல் செய்துகொள்ளுங்கள். வேறுபாடு இனிஷியலில் மட்டும் என்றால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி வையுங்கள். குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் நிரப்பி வாங்குங்கள்; விமான டிக்கெட்டிலிருந்து வங்கிக் கணக்குவரை அந்தக் காலிக் கட்டம் துரத்தும். விசா விண்ணப்பத்தில் ‘வேறு பெயர்களில் அறியப்பட்டதுண்டா’ என்ற கேள்வி வரும். அங்கே எல்லா வடிவங்களையும் எழுதுங்கள், எதையும் மறைக்க வேண்டாம். பொய் ஆவணம் கொடுத்ததாக முடிவானால் 3 ஆண்டு, அடையாளத்தையே நிறுவ முடியாவிட்டால் 10 ஆண்டு விசா கிடைக்காமல் போகும் என்பது அந்நாட்டு விதி.

வேலைக்கான அத்தாட்சி

பெயருக்கு அடுத்தபடி மெதுவாக நகர்வது வேலை அனுபவக் கடிதம். நம் நிறுவனங்கள் கொடுக்கும் ரிலீவிங் லெட்டரில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, நல்வாழ்த்து, அவ்வளவுதான் இருக்கும். திறன் மதிப்பீட்டு அமைப்புகளுக்கு அது போதாது. நீங்கள் அன்றாடம் என்ன வேலை செய்தீர்கள், முழு நேரமா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் வேண்டும். கணினித் துறைக்கு ஏ.சி.எஸ்., பொறியாளர்களுக்கு இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா, பொதுவான பல தொழில்களுக்கு வெட்டாசஸ் என்று மதிப்பிடுபவர் துறைக்குத் துறை மாறுவார். கேட்பது மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஹெச்.ஆர். தர மறுத்தால்? பெரும்பாலும் மறுப்பார்கள். அப்போது உங்களோடு வேலை செய்த மேலாளரோ மூத்த சக ஊழியரோ பிரமாணப் பத்திரம் எழுதித் தரலாம். அதனால்தான் சொல்கிறேன்: ஒரு வேலையை விட்டு விலகும் வாரத்திலேயே, டீம் லீடோடு சேர்ந்து டீ குடிக்கும் உறவு இருக்கும்போதே அந்தக் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். ஐந்து வருடம் கழித்து அவர் எந்த ஊரில் இருப்பாரோ. கூடவே பே ஸ்லிப், ஃபார்ம் 16, பி.எஃப். பாஸ்புக் மூன்றையும் சேர்த்து வையுங்கள். சம்பளம் வந்ததற்கு மூன்றாம் தரப்புச் சாட்சியாக நிற்பது பி.எஃப். பாஸ்புக்தான். நிரந்தரமாகக் குடியேறுபவர்கள் பி.எஃப். பணத்தை முழுதாக எடுக்கலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் எடுப்பதற்கு முன் பாஸ்புக்கைத் தரவிறக்கி அச்சிட்டுக்கொள்ளுங்கள்.

தொழில் குறியீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது விசிட்டிங் கார்டில் இருக்கும் பட்டத்தைப் பார்க்காதீர்கள். ‘அசோசியேட் கன்சல்டன்ட்’ என்பது அங்கே எதையும் சொல்லாது. 261313 சாஃப்ட்வேர் இன்ஜினியர், 261312 டெவலப்பர் புரோகிராமர்: இரண்டின் பணி விவரத்தையும் எடுத்து வைத்து, உங்கள் கடிதத்தில் உள்ள வேலை எதோடு ஒத்துப்போகிறது என்று வரிவரியாகப் பாருங்கள்.

புள்ளிக் கணக்கு

இந்த விசாவுக்குப் புள்ளி வைத்துத்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். 31 வயது, கணினிப் பட்டம், 8 வருட அனுபவம். வயதுக்கு 30 புள்ளி, பட்டத்துக்கு 15. ஏ.சி.எஸ். பொதுவாக முதல் 2 ஆண்டைப் பயிற்சிக் காலமாகக் கழித்துவிடும். மீதி 6 ஆண்டுக்கு 10. ஐ.இ.எல்.டி.எஸ். நான்கு பிரிவிலும் 7 எடுத்தால் 10. மொத்தம் 65. இதுதான் குறைந்தபட்சத் தகுதி, வரிசையில் நிற்க அனுமதி, அவ்வளவுதான். விண்ணப்பிக்கச் சொல்லும் அழைப்பு அதிகப் புள்ளி உள்ளவர்களுக்குப் போகும்.

இந்தக் கணக்கில் உழைத்தால் உடனே ஏறுவது ஆங்கிலம். நான்கிலும் 8 எடுத்தால் 10 புள்ளிக்குப் பதில் 20. பி.டி.இ. என்ற ஆங்கிலத் தேர்வை எழுதுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 2025 ஆகஸ்டில் அதன் மதிப்பெண் அளவுகள் மாறின. எல்லாப் பிரிவிலும் 79 எடுத்தால் போதும் என்ற பழைய குறிப்பை வைத்துப் படிக்காதீர்கள். மணமாகாதவருக்கு 10 புள்ளி உண்டு. மணமானவர் என்றால் துணைவர் ஆங்கிலத் தேர்வு மட்டும் எழுதினால் 5, அவருடைய தொழிலும் மதிப்பீடு பெற்றால் 10. மாநிலப் பரிந்துரை உள்ள 190 விசாவுக்குக் கூடுதல் 5, பிராந்திய 491 விசாவுக்கு 15. ‘பிராந்தியம்’ என்றதும் பொட்டல்காடு என்று நினைக்க வேண்டாம். சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் மூன்று பெருநகரங்கள் நீங்கலாக மற்றவை அதில் வரும், அடிலெய்டும் பெர்த்தும் உட்பட.

நம்மவர்களில் பலர் கைவிட்டுவிடும் 5 புள்ளி ஒன்று உண்டு. நாட்டி அமைப்பு நடத்தும் சி.சி.எல். தேர்வில் தமிழ் இருக்கிறது. இரண்டு உரையாடல்கள். ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழிலும் தமிழில் கேட்பதை ஆங்கிலத்திலும் வாய்மொழியாகச் சொல்ல வேண்டும். 90க்கு 63 தேவை, ஒவ்வொரு உரையாடலிலும் 45க்கு 29க்குக் குறையக் கூடாது. தாய்மொழிதானே என்று அலட்சியமாகப் போகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அலுவலகத்தில் பாதி ஆங்கிலமாகப் பேசிப் பழகிய நாக்குக்கு, காப்பீடு, ஜாமீன், குத்தகை, தடுப்பூசி, இழப்பீடு என்ற சொற்கள் அந்த நொடியில் வராது. ஒரு மாதம் தினமும் தமிழ்ச் செய்தித்தாளின் நீதிமன்றச் செய்தியையும் மருத்துவப் பக்கத்தையும் சத்தமாக வாசியுங்கள்.

வயதையும் மறக்காதீர்கள். 33 ஆனால் 30 புள்ளி 25 ஆகும், 40 ஆனால் 15, 45 ஆனால் கதவு மூடிவிடும். கணக்கில் எடுப்பது அழைப்பு வரும் நாளன்று உள்ள வயதை. அழைப்பு வந்தபின் விண்ணப்பிக்க 60 நாள். கோரிய புள்ளிக்கு ஆதாரம் இல்லாவிட்டால் விசா மறுக்கப்படும், கட்டிய பணம் திரும்பாது. சந்தேகமான 5 புள்ளியைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

ஏஜென்ட் வேண்டுமா என்று கேட்பார்கள். கோப்பு எளிமையாக இருந்தால் நீங்களே செய்யலாம், எல்லாம் இணையத்தில்தான். வைப்பதென்றால், ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்ற குடியேற்ற ஆலோசகருக்கு மார்ன் என்ற 7 இலக்கப் பதிவு எண் இருக்கும். அதைப் பொதுப் பதிவேட்டில் தேடிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். ‘விசா உத்தரவாதம்’ என்று சொல்பவரிடம் உட்காரவே வேண்டாம்.

போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ் பாஸ்போர்ட் சேவா மூலம் கிடைக்கும். கடந்த 10 ஆண்டில் 12 மாதம் தங்கிய ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒன்று தேவை; சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்த்தவர்கள் அதை முன்கூட்டியே திட்டமிடுங்கள்.

கப்பலில் என்ன, கையில் என்ன

விசா வந்ததும் வீடே பரபரப்பாகிவிடும். ஒரு 20 அடி கன்டெய்னரில் சுமார் 33 கன மீட்டர் கொள்ளும். அவ்வளவு சாமான் நம்மில் பலருக்கு இராது. மற்றவர்களுடன் இடம் பகிரும் முறையில் கன மீட்டர் கணக்கில் கட்டணம் கட்டுவீர்கள், வீடு வந்து சேர இரண்டு மூன்று மாதம் ஆகலாம். விலை கேட்கும்போது மறக்காமல் கேட்க வேண்டியது: வீட்டு வாசல் வரையா, துறைமுகம் வரையா? அங்கே துறைமுகச் செலவும் உயிரிப் பாதுகாப்புச் சோதனைக் கட்டணமும் இதில் சேர்ந்ததா? மலிவாகச் சொல்பவர் பல சமயம் இவற்றை விட்டுவிட்டுத்தான் சொல்கிறார்.

நீங்கள் புறப்படுவதற்கு முன் 12 மாதம் சொந்தமாக வைத்திருந்து பயன்படுத்திய சாமானுக்கு வரி கிடையாது. ஆகவே கிளம்புகிற சமயத்தில் புது டிவி வாங்கிப் பெட்டியில் வைக்காதீர்கள்.

சோபா, கட்டில், பீரோ மூன்றையும் விட்டுவிடுங்கள். வெட் கிரைண்டரைக் கொண்டுபோங்கள். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக் மட்டும் மாற்ற வேண்டும். புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் கிரைண்டரில் அரைத்த மாவு மெல்போர்ன் குளிர்காலத்தில் பொங்க ஒரு ராத்திரி போதாது என்பது வேறு விஷயம்.

எங்கள் வீட்டுச் சாமான் கட்டிய நாளில் ஒரு தவறு நடந்தது. ஆட்கள் வேகமாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள், ஒவ்வொரு பெட்டி மேலும் ‘சமையல் சாமான்’ என்று மார்க்கரால் எழுதினார்கள், நானும் சரி என்று விட்டுவிட்டேன். பெட்டி எண் 14 அங்கே பிரிக்கப்பட்டது. மூங்கில் முறம், தென்னந் துடைப்பம், அம்மா துணியில் முடிந்து வைத்த வசம்பும் காய்ந்த வேப்பிலையும் உள்ளே. மூன்று வாரத் தாமதம், சோதனைக் கட்டணம், முறம் போனது போனதுதான். ‘எவர்சில்வர் பாத்திரம் 12, குக்கர் 2, முறம் 1’ என்று எண்ணி எழுதியிருந்தால், எதை விட்டுப்போக வேண்டும் என்று கட்டும்போதே எனக்குத் தெரிந்திருக்கும். விதை, ஓலை, புல், நாட்டு மருந்து எதுவும் வேண்டாம். செருப்பு, சைக்கிள் டயர், கிரிக்கெட் ஷூ இவற்றில் மண் துளிகூட இருக்கக் கூடாது. பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். மரச் சாமானில் வண்டு துளைத்த பொடி இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். கொலு பொம்மைகளுக்கு வைக்கோல் வேண்டாம், குமிழி உறை சுற்றுங்கள்.

பாட்டியின் பித்தளை விளக்கும் தஞ்சாவூர் ஓவியமும் போகும் என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயதான கலைப்பொருளை நாட்டுக்கு வெளியே தனியார் கொண்டுபோக முடியாது. பழமையாகத் தோன்றும் எதற்கும் தொல்லியல் துறையிடம் ‘இது தொல்பொருள் அல்ல’ என்ற சான்று வாங்கிக்கொண்டால் சுங்கத்தில் நிற்க வேண்டியிராது.

பெட்டிகளை நிறுவன ஆட்களே கட்டட்டும். நீங்கள் கட்டிய பெட்டிக்குள் உடைந்ததற்குக் காப்பீடு பெரும்பாலும் வராது.

ஊரில் முடிக்க வேண்டியவை சில. சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றுங்கள். புதிதாக பி.பி.எஃப். தொடங்க முடியாது, இருப்பதை முதிர்வுவரை நடத்தலாம். வீட்டுக்கு அண்ணனுக்கோ தம்பிக்கோ பவர் எழுதினால், எந்த வேலைக்கு என்று வரையறுத்துப் பதிவு செய்யுங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள், ஒரு வருடம் செல்லும். குழந்தையின் தடுப்பூசி அட்டையில் மருத்துவரிடம் தேதியோடு முத்திரை வாங்குங்கள். அங்கே குழந்தைகள் காப்பகத்தில் முதல் கேள்வியே அதுதான். அப்பா அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போக ஊரில் யார் என்பதை அவர்கள் முன்னிலையிலேயே உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். இதைத் தள்ளிப்போட்டவர்கள் நள்ளிரவில் தொலைபேசி ஒலிக்கும்போது படும் பாட்டை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

அங்கே வேலை தேட அனுப்பும் பயோடேட்டாவிலிருந்து புகைப்படம், பிறந்த தேதி, அப்பா பெயர், திருமண நிலை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். உங்கள் வேலையைப் பற்றிப் பேசக்கூடிய இரண்டு பேரிடம் முன்பே சொல்லி வையுங்கள். அங்கே நிஜமாகவே போன் செய்து கேட்பார்கள். இறங்கிய வாரத்தில் வரி எண்ணுக்கும் அரசு மருத்துவத் திட்டமான மெடிகேருக்கும் பதிவு செய்யுங்கள், இரண்டும் இலவசம்.

சாமான் கட்ட ஆட்கள் வரும் காலையில் ஒரு அறையைப் பூட்டிவிடுங்கள். மூலச் சான்றிதழ், பாஸ்போர்ட், நகை, சீட்டோடு மூன்று மாத மருந்து, குளிருக்கு ஆளுக்கொரு ஸ்வெட்டர் எல்லாம் அந்த அறையில் இருக்கட்டும். ஒரு சிறு குக்கரும் தோசைக்கல்லும் நான்கு தட்டும்கூட. கப்பல் வரும்வரை சமைக்க அவைதான்.