துரோகி யார்? 'தி சோப்ரானோஸ்' வைத்து ஒரு சின்ன பாடம்

'தி சோப்ரானோஸ்' பார்த்து முடித்த நாலு பேர் ஒரே ரூமில் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் சண்டை வந்துவிடும்.

"ஏட்ரியானாதான்டா துரோகி."

"அவ என்னடா பண்ணுவா? அவளைக் காட்டிக் கொடுத்த கிறிஸ்டஃபர்தான் துரோகி."

"ரெண்டு பேரும் இல்ல. டோனிதான்."

சீரியல் முடிந்து இத்தனை வருஷம் ஆன பிறகும் ரசிகர்கள் இதற்கு ஒரு தீர்ப்பு சொல்லவில்லை. ஏன் தெரியுமா? 'துரோகம்' என்ற ஒரே சொல்லை ஒவ்வொருவரும் ஒவ்வொரு அர்த்தத்தில் பயன்படுத்துகிறார்கள். யூனிட் என்ன என்று முடிவு செய்யாமல் ரீடிங் எடுத்தால் லேப்பில் என்ன நடக்குமோ அதுதான் இங்கேயும் நடக்கிறது. அதனால் முதலில் ஒரு அளவுகோல் செய்வோம். பிறகு ஒவ்வொரு கேரக்டராக எடுத்து அளந்து பார்ப்போம்.

எச்சரிக்கை: கடைசி எபிசோட் வரை எல்லா முடிச்சும் இங்கே அவிழும். பரவாயில்லை என்றால் மட்டும் தொடருங்க.

பார்க்காதவர்களுக்கு ஒரு பத்தி

டேவிட் சேஸ் உருவாக்கிய இந்தத் தொடர் எச்.பி.ஓ. சேனலில் 1999 ஜனவரியில் தொடங்கி 2007 ஜூனில் முடிந்தது. 6 சீசன், 86 எபிசோட். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு இத்தாலிய மாஃபியா குழு. அதன் தலைவன் டோனி சோப்ரானோ, நடித்தவர் ஜேம்ஸ் கேண்டல்ஃபினி. இந்தக் குழுவில் முழு உறுப்பினர் ஆக ஒரு சடங்கு உண்டு. சீசன் 3-ல் கிறிஸ்டஃபருக்கு அது நடக்கும். விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள், ஒரு புனிதரின் படத்தை எரிப்பார்கள். பெற்ற குடும்பத்தை விட இந்தக் குடும்பம்தான் முதலில் என்று சத்தியம். போலீஸிடம் வாய் திறக்கக் கூடாது என்ற விதிக்கு 'ஒமெர்த்தா' என்று பெயர்.

அளவுகோல்: மூன்று கேள்விகள்

ஒன்று: இவர் யாருக்கு, என்ன வாக்கு கொடுத்தார்?
இரண்டு: அதை மீறிய நேரத்தில் இவருக்கு வேறு வழி இருந்ததா?
மூன்று: எதிர்த்தரப்பு தன் வாக்கைக் காப்பாற்றியதா?

பெரும்பாலான ரசிகர்கள் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். சண்டை முடியாததற்கு அதுதான் காரணம்.

வாய் ஏன் திறக்கிறது?

கேரக்டருக்குள் போகும் முன் கொஞ்சம் கேம் தியரி. 'பிரிசனர்ஸ் டிலமா' கேள்விப்பட்டிருப்பீங்க. இரண்டு கைதிகள், தனித்தனி அறை. இருவரும் மௌனமாக இருந்தால் ஆளுக்கு 1 வருஷம். ஒருவன் மட்டும் பேசினால் அவனுக்கு விடுதலை, மற்றவனுக்கு 10 வருஷம். இருவரும் பேசினால் ஆளுக்கு 5. மற்றவன் என்ன செய்தாலும் பேசுவதே லாபம் என்று கணக்கு சொல்கிறது. ஆனால் இருவரும் அப்படியே யோசித்தால் இருவருக்கும் நஷ்டம்.

மாஃபியாவின் சத்தியம் இந்தக் கணக்கை மாற்றத்தான் வந்தது. பேசினால் சாவு, பேசாவிட்டால் உள்ளே இருக்கும் வரை உன் குடும்பத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இந்த ஏற்பாடு ரொம்ப காலம் வேலை செய்தது. அமெரிக்க அரசு 1970-ல் 'ரிக்கோ' என்ற சட்டத்தைக் கொண்டுவந்து எண்களைத் திரும்ப மாற்றியது. தனித்தனிக் குற்றமாகப் பார்க்காமல், பத்து வருஷத்துக்குள் நடந்த குற்றங்களைக் கோத்து, ஒரு அமைப்பாகச் செய்தது என்று நிரூபித்தால் ஒரு குற்றச்சாட்டுக்கே 20 வருஷம் வரை போடலாம். சாட்சி சொல்பவருக்குப் புதுப் பெயர், புது ஊர் கொடுத்துப் பாதுகாக்கும் திட்டமும் கூடவே வந்தது.

நிஜத்தில் இதன் பெரிய உதாரணம் சாமி கிரவானோ. நியூயார்க்கில் ஜான் காட்டியின் வலது கை. 19 கொலைகளில் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டவர். 1991-ல் அரசுத் தரப்புக்கு மாறினார். 1992-ல் காட்டிக்கு ஆயுள் தண்டனை. கிரவானோவுக்கு 5 வருஷம். இந்தக் கணக்கு தெரிந்த பிறகு சத்தியம் எவ்வளவு நாள் தாங்கும்?

இப்போது அளப்போம்

*பிக் புஸ்ஸி.* டோனியின் பழைய நண்பன். ஹெராயின் வழக்கில் மாட்டி எஃப்.பி.ஐ.க்கு இன்ஃபார்மர் ஆனவன். சீசன் 2 கடைசியில் டோனி, சில்வியோ, பாலி மூவரும் அவனைப் படகில் கூட்டிப் போய்ச் சுட்டுக் கடலில் போடுகிறார்கள். முதல் கேள்வியில் இவன் தெளிவாக ஃபெயில். சத்தியம் செய்தான், மீறினான். நண்பனின் வீட்டுக்குள்ளேயே ஒலிப்பதிவுக் கருவியோடு போனான். இவனைத் துரோகி என்றால் நான் மறுக்க மாட்டேன்.

*ஏட்ரியானா.* கிறிஸ்டஃபரின் வருங்கால மனைவி. எஃப்.பி.ஐ. ஏஜென்ட் ஒருத்தி தோழி மாதிரி நடித்து இவளிடம் ஒட்டிக்கொள்கிறாள். அதாவது முதல் நம்பிக்கைத் துரோகம் நடந்ததே இவளுக்குத்தான். பிறகு போதை மருந்து வழக்கைக் காட்டி மிரட்டுகிறார்கள். முதல் கேள்வியைக் கேளுங்க. இவள் யாருக்குச் சத்தியம் செய்தாள்? மாஃபியாவில் பெண்களுக்கு அந்தச் சடங்கே கிடையாது. கொடுக்காத வாக்கை எப்படி மீறுவது? இவள் வாக்கு கொடுத்த ஒரே ஆள் கிறிஸ்டஃபர். அவனிடம்தான் கடைசியில் உண்மையைச் சொல்கிறாள், இரண்டு பேரும் சேர்ந்து தப்பிக்கலாம் என்று கேட்கிறாள். சீசன் 5-ல் சில்வியோ இவளைக் காட்டுக்குள் கொண்டுபோய்ச் சுடுகிறான். மூன்று கேள்வியிலும் இவள் பாஸ்.

*கிறிஸ்டஃபர்.* அவளைக் காட்டிக் கொடுத்தவன். "அவன் சத்தியத்தைக் காப்பாத்தினான்பா" என்று ஒரு கூட்டம் எப்போதும் சொல்லும். அந்த எபிசோடில் பெட்ரோல் பங்க் காட்சியைத் திரும்பப் பாருங்க. ஒரு ஏழைக் குடும்பம், பழைய கார், பிள்ளைகள். அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். அவனே ஹம்மரில் வந்தவன். சாட்சியாகிப் போனால் தன் வாழ்க்கையும் அப்படித்தான் ஆகும் என்று அவனுக்குப் புரிகிற இடம் அது. அங்கே அவன் தேர்ந்தெடுத்தது வசதியை. அதற்கு லாயல்ட்டி என்று பெயர் வைத்துக்கொண்டான்.

அந்த லாயல்ட்டிக்கு என்ன கிடைத்தது? சீசன் 6-ல் கார் விபத்தில் அடிபட்டுக் கிடக்கும் கிறிஸ்டஃபரின் மூக்கைப் பிடித்து டோனியே கொல்கிறான். மூன்றாவது கேள்விக்கான பதில் அது.

*யூஜின்.* இவனைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. சொந்தக்காரர் விட்டுப்போன 20 லட்சம் டாலர் கையில் வருகிறது. குடும்பத்தோடு ஃபுளோரிடா போய் அமைதியாக இருக்கட்டுமா என்று டோனியிடம் முறைப்படி அனுமதி கேட்கிறான். யாரையும் ஏமாற்றவில்லை, ஓடிப்போகவும் இல்லை. டோனி மறுக்கிறான். இன்னொரு பக்கம் எஃப்.பி.ஐ.யும் விடவில்லை. இரண்டு பக்கமும் கதவு மூடிய பிறகு தூக்கு மாட்டிக்கொள்கிறான். வெளியேற வழியே இல்லாத ஒரு ஒப்பந்தத்தில் 'விசுவாசம்' என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

டோனியை யார் அளப்பது?

டோனியின் ரசிகர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு இன்ஃபார்மர் வாய் திறந்தால் பல குடும்பங்கள் தெருவுக்கு வரும், தலைவன் என்றால் கடினமான முடிவு எடுக்கத்தான் வேண்டும் என்பார்கள். தன் கஸின் டோனி புளுண்டெட்டோவை அவன் சுட்டதே எதிரிகள் சித்திரவதை செய்யக் கூடாது என்பதற்காகத்தான் என்பார்கள். சரிதான்.

ஆனால் அதே புளுண்டெட்டோ 17 வருஷம் சிறையில் இருந்தவன். அவன் மாட்டிய அன்றைக்கு டோனியும் அந்த வேலைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. யாரோ அடித்துவிட்டார்கள் என்று ஊருக்குச் சொன்னான். அம்மாவோடு சண்டை போட்டு பேனிக் அட்டாக் வந்து விழுந்ததுதான் உண்மை. அதை டாக்டர் மெல்ஃபியிடம் மட்டும் பல வருஷம் கழித்துச் சொல்கிறான்.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. கடைசி சீசனில் டோனி, தனக்குத் தெரிந்த இருவர் பற்றித் தீவிரவாத சந்தேகத்தின் பேரில் எஃப்.பி.ஐ. ஏஜென்ட் ஹாரிஸிடம் தானாகவே தகவல் கொடுக்கிறான். எதிரி ஃபில் எங்கே இருக்கிறான் என்ற துப்பு அதே ஹாரிஸிடமிருந்து டோனிக்கு வருகிறது. ஃபில் சாகிறான். ஏட்ரியானா எஃப்.பி.ஐ.யிடம் பேசினால் மரணம், டோனி பேசினால் ராஜதந்திரம்!

ரே கர்ட்டோவையும் மறக்காதீங்க. வருஷக்கணக்கில் இன்ஃபார்மராக இருந்தவன். ஏஜென்ட்டின் காரிலேயே இயற்கையாகச் செத்துப்போகிறான். குழுவில் யாருக்கும் கடைசி வரை தெரியாது. நல்ல மனுஷன் என்ற பெயரோடு போய்ச் சேர்ந்தான்.

முடிவு

இந்தக் குழுவில் பணம் எப்படி ஓடுகிறது என்று பாருங்க. அடியாள் சம்பாதிக்கிறான், கவர் மேலே போகிறது, அவனுக்கு மேலே இருப்பவன் இன்னும் மேலே அனுப்புகிறான். விசுவாசமும் அதே பாதையில்தான் ஓடுகிறது. டையோடு மாதிரி, ஒரே திசை. கீழே இருப்பவன் மீறினால் அதற்குப் பெயர் துரோகம். மேலே இருப்பவன் மீறினால் 'பிசினஸ்'. அந்தப் பெயரை வைக்கும் அதிகாரமும் மேலே இருப்பவனிடம்தான்.

என் தீர்ப்பு இது: பிக் புஸ்ஸி துரோகி. ஏட்ரியானா இல்லை. கிறிஸ்டஃபர் அவளுக்குத் துரோகி. டோனி எல்லோருக்கும்.

சில மாதங்களில் நாம் வேலைக்குப் போகப் போகிறோம். ஏதோ ஒரு டீமில், ஏதோ ஒரு கேங்கில், யாராவது 'லாயல்ட்டி' என்று பேச ஆரம்பிப்பார்கள். அப்போது மூன்றாவது கேள்வியை மனசுக்குள்ளாவது கேட்டுப் பாருங்க.

பயிற்சி

1. அங்கிள் ஜூனியரும் டோனியின் அம்மா லிவியாவும் சீசன் 1-ல் செய்ததை இந்த அளவுகோலில் வையுங்க.
2. டோனி மெல்ஃபியிடம் பேசியதே ஒமெர்த்தாவை மீறியதா? ஆம் என்பதற்கு ஒன்று, இல்லை என்பதற்கு ஒன்று என்று இரண்டு காரணம் எழுதுங்க.
3. கார்மெலாவுக்கு எல்லாம் தெரியும், ஆனாலும் கூடவே இருக்கிறாள். இது விசுவாசமா? விடை என்னிடம் இல்லை. ரூமில் சண்டை போட்டுக்கொள்ளுங்க.